ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என்ன செய்யிறது?

நான் இருந்த கிறிஸ்தவ சபையை விட்டு வெளிய வந்து மூண்டு வருசமாகுது. எந்தச் சபை எண்டு கேக்காதேங்கோ, சொல்லமாட்டன்.

எல்லாரும் நினைக்கினம் கடவுளை விடுறதுதான் கஷ்டம் எண்டு. எனக்கெண்டா ஃபோன்தான் கஷ்டமா இருந்தது. கிழமைக்கு அஞ்சு நாள் கூட்டம், உபவாச ஜெபம், சம்பளம் விழுந்தவுடன அதில பத்திலொரு பங்கு தசமபாகம், கலியாணம் கட்டவும் போதகர் ஓம் சொல்லோணும், இப்பிடியே பதினொரு வருசம் இருந்தா ஃபோனில இருக்கிற நம்பர் முழுக்க அவையின்ர நம்பர்தானே. ஒரே கிழமையில ஏழு வட்ஸ்அப் குரூப்பில இருந்தும் தூக்கிப்போட்டினம்.

பிறகு ஒரு ஜூன் மழையோட டெங்கு. இரத்தத்தில பிளேட்லெட் 48,000க்கு இறங்கீட்டுது. நர்ஸ் வந்து "ஆர் உங்களோட நிக்கிறது?" எண்டு கேட்டா, எனக்குப் பதில் இல்லை. முந்தியெண்டா பப்பாசி இலைச் சாறு, சூப்பு எண்டு முறை போட்டுக்கொண்டு வருவினம். உண்மையாவே வருவினம், அதை மறைக்கக்கூடாது.

அண்டைக்கு வந்தது ஒரு அக்கா. எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னமே வெளிய போனவ. "பின்மாற்றக்காரரோட கதைக்கப்படாது", அதாவது சபையை விட்டுப் போனவையோட கதைக்கப்படாது எண்டு சொல்லித் தந்ததைக் கேட்டு, வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு முன்னால அவவைக் கண்டிட்டு ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போன ஆள் நான். அவ இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து கட்டில் பக்கத்தில வைக்கிறா. மன்னிப்புக் கேக்க வாயெடுத்தன். "விடு பிள்ளை, எனக்கு முதல் போனவளை நானும் உப்பிடித்தான் செய்தனான். சொதி ஆறுது, சாப்பிடு."

சொந்தக்காரர் "அப்பவே சொன்னம்" எண்டு அடுத்த நாளே கோயிலுக்குக் கூப்பிட்டினம், நாத்திக ஃபிரண்ட்ஸுக்கு என்னோட விவாதம் பண்ணோணும். ரெண்டு பக்கமும் ஆள்பிடிப்புத்தான். நமக்கு இலங்கை அரசியலமைப்பின்ர 10ஆம் உறுப்புரை விரும்பின மதத்தை வச்சிருக்கிற சுதந்திரம் தந்திருக்கு, நல்லது, ஆனா ராத்திரி தனியச் சாப்பிடேக்க உறுப்புரை பக்கத்தில வந்து இருக்காது. மார்லீன் வினெல் எண்ட அமெரிக்க உளவியலாளர் 2011இல, இப்பிடி மதத்தை விட்டு வெளிய வாற ஆக்கள் படுற பாட்டுக்கு மத அதிர்ச்சி நோய்க்குறி எண்டு பேர் வச்சவ, வைத்தியர்மாரின்ர உத்தியோகபூர்வப் பட்டியல்ல அது இல்லை. பேர் இருக்கெண்டு தெரிஞ்சதே எனக்குப் பாதி நிம்மதி. நித்திரை இல்லாம, நரகம் எண்டு பயந்து முழிச்சுக் கிடக்கிற ஆக்கள் 1926க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன், 24 மணித்தியாலமும் இருக்கு. வெக்கப்பட ஒண்டுமில்லை.

இப்ப நாங்கள் நாலு பேர். ஞாயிறு பத்து மணிக்கு மரைன் டிரைவில நடை, பிறகு பிளேன்டீ. ஒராள் கத்தோலிக்கப் பூசைக்குப் போட்டுத்தான் வருவா, ஒராளுக்கு முருகன், எனக்கு இன்னும் ஒண்டும் முடிவில்லை. போன மாசம் ஒராள் "இதுக்கொரு பேர் வைப்பமே, வட்ஸ்அப் குரூப் ஒண்டும் போடுவம்" எண்டா. மற்ற மூண்டு பேரும் ஒரே குரல்ல, ஐயோ வேண்டாம்!