ஏழரை மணி டாக்டர்

காலைல வாசல்ல கூரியர் பையன் வந்து நிக்கிறான். "4,800 ரூபா, கேஷ் ஆன் டெலிவரி." வீடு மாறி வந்துட்டான்னு நெனச்சு நான் பேசறதுக்குள்ள, அம்மா அரிசி டப்பாவுல வெச்சிருந்த காசை எடுத்துக்கிட்டு வர்றாங்க. மூணு டப்பா பவுடர். "சர்க்கரைக்குப்பா, டிவில சொன்னாங்க."

மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தானேம்மா இருக்கன்னு கேட்டேன். பதிலே இல்ல. 11 நாளா நிறுத்தி வெச்சிருக்காங்க. பவுடர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே உடம்புல இருக்கிற கெமிக்கல் எல்லாம் வெளியேறணும்னு டிவில வந்த அந்த ஆள் சொன்னானாம். விரலைக் குத்திப் பார்த்தா வெறும் வயித்துல 286. எனக்குக் கை நடுங்கிருச்சு.

அந்தக் காலை ஏழரை மணி நிகழ்ச்சி உங்க வீட்லயும் ஓடும். யூடியூப்லயும் போட்டு வெச்சிருக்காங்க. உட்கார்ந்து 28 நிமிஷமும் பார்த்தேன். நியூஸ் வாசிக்கிற அதே செட், அதே கண்ணாடி மேஜை, மூலையில சேனல் லோகோ, அடியில தங்கம் விலை ஓடுது. சாயங்காலம் செய்தி வாசிக்கிற அதே பொண்ணு உட்கார்ந்திருக்கு. "டாக்டர், சர்க்கரையை முழுசா குணப்படுத்த முடியுமா?" "கண்டிப்பா முடியும். 48 நாள்ல." அந்தப் பொண்ணு கண்ணை விரிச்சுத் தலையை ஆட்டுது. நீங்க எங்க படிச்சீங்க, எந்த மருத்துவக் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கீங்க, இந்தப் பவுடர்ல என்ன இருக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. 28 நிமிஷமும் தலையாட்டல்தான்.

அப்புறம் போன்கால். திருநெல்வேலியில இருந்து ஒருத்தர், 380 இருந்த சுகர் 110க்கு வந்துருச்சாம். பத்து நிமிஷம் கழிச்சு தர்மபுரியில இருந்து ஒருத்தர். அதே குரல், அதே இழுப்பு, அதே "ரொம்ப நன்றிங்க டாக்டர்". நெசமான நேரலைன்னா "டிவி சத்தத்தைக் கொறச்சிட்டுப் பேசுங்க"ன்னு தொகுப்பாளர் நாலு தடவையாவது கெஞ்சணும். இங்க ஒரு தடவைகூட அதுக்குத் தேவை வரல. ஒருத்தர் வீட்லயும் டிவியே ஓடல போல!

'இது விளம்பரதாரர் நிகழ்ச்சி, இதில் கூறப்படும் கருத்துகளுக்கு சேனல் பொறுப்பல்ல'ன்னு ஒரு வரி வருது. ஆரம்பத்துல நாலே நாலு செகண்ட். எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. நிறுத்தி வெச்சு, மூக்கு திரையில இடிக்கிற அளவுக்குப் போய்த்தான் நானே படிச்சேன். ஒரு கண்ணுல புரை எடுத்த 67 வயசு அம்மா எப்படிப் படிப்பாங்க? போன் நம்பர் மட்டும் மஞ்சக் கலர்ல, கொட்டை எழுத்துல, கடைசி வரைக்கும் நிக்குது.

சட்டம் இல்லாமலா போச்சு? சர்க்கரையைக் குணப்படுத்துறேன்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954லயே சட்டம் போட்டாச்சு. அதோட பட்டியல்ல இருக்கிற 54 நோய்ல சர்க்கரையும் ஒண்ணு. நிகழ்ச்சி வேற, விளம்பரம் வேறன்னு பார்க்கிறவங்களுக்குத் தெளிவாத் தெரியணும்னு 1994ல வந்த கேபிள் டிவி விதி சொல்லுது. 'சேனல் பொறுப்பல்ல' மாதிரி பொறுப்புத் துறப்பை, விளம்பரத்துல சொல்ற அதே மொழியில, அதே எழுத்துல போடணும்னு 2022ல மத்திய அரசு வழிகாட்டு நெறியே வந்துச்சு. எல்லாம் காகிதத்துல பத்திரமா இருக்கு. எங்க வீட்டுக்குள்ள வந்தது பவுடர்.

எங்கம்மா ஏமாளி கிடையாது. தக்காளிக் கூடையில அழுகல் ஒண்ணைக்கூட உள்ள விட மாட்டாங்க. பேங்க்ல இருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்கன்னு வந்த போனை அப்பவே கட் பண்ணவங்க. ரோட்டுல பாய் விரிச்சு இதே டப்பாவை வித்திருந்தா திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. அவங்க நம்புனது அந்தப் பொண்ணை. வெள்ளம் வந்தப்ப எந்த ஏரியைத் திறந்தாங்கன்னு சொன்னது அந்த முகம். கொரோனா சமயத்துல தினமும் சாயங்காலம் எண்ணிக்கை சொன்னது அந்த முகம். "அந்தப் புள்ள பொய் சொல்லாதுப்பா"ன்னு இன்னைக்கும் சொல்றாங்க. வருஷக்கணக்குல சேர்ந்த அந்த நம்பிக்கையைத்தான் சேனல்காரன் அரை மணி நேரம், அரை மணி நேரமா அறுத்து விக்கிறான். அதே சேனல்ல ராத்திரி எட்டு மணிக்கு 'போலி டாக்டர் கைது'ன்னு சிவப்புப் பட்டையில பிரேக்கிங் நியூஸ். காலைல உங்க நாற்காலியில உட்கார்ந்துட்டுப் போனானே, அவன் யாருய்யா?

மாத்திரையைப் போட வெச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்தாச்சு. மிஸ்டு கால் குடுத்த பாவத்துக்கு அந்தக் கம்பெனியில இருந்து மதியத்துல இருந்து மூணு போன். மூணாவது போனை நான் எடுத்தேன். "அம்மா, பவுடர் வந்துருச்சா? இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டீங்கல்ல?" என் வாயில என்ன வந்துச்சுன்னு இங்க எழுத முடியாது. பார்சலைத் திருப்பி எடுக்க மாட்டாங்களாம்.

மூணு டப்பாவும் ஃப்ரிட்ஜ் மேல உட்கார்ந்திருக்கு. தூக்கிப் போடப் போனா அம்மா கையைப் பிடிச்சுக்கிறாங்க. "இருக்கட்டும்பா, காசு குடுத்து வாங்கினது."