முன்மொழிவு கேட்டால் நிலம் விற்றாச்சா?

"குப்பைக் கிடங்கை மேம்படுத்தத் தனியாரிடம் முன்மொழிவு கேட்டாலே நிலம் கைமாறிவிட்டது, மதுரை மாநகராட்சியின் அவனியாபுரம் வெள்ளக்கல் கிடங்கும் போச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. முன்மொழிவு கேட்பது முதல் படி. அதனால் மட்டும் யாருக்கும் நிலத்தில் உரிமை வராது. அப்புறம்தான் டெண்டர். பணிகளை ஒப்படைக்கும் டெண்டர்களுக்கென்றே 1998-இல் தமிழ்நாட்டில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. குத்தகைக்கு விட்டாலும் நிலம் மாநகராட்சியுடையதுதான்.

நாம் கேட்க வேண்டியது வேறு. பழைய குப்பைக்குள் மீத்தேன் வாயு உருவாகிக்கொண்டே இருக்கும். கசியும் கழிவுநீர் நிலத்தடிக்கு இறங்கும். மண்ணைப் போட்டு மூடி அதன்மேல் கட்டடம் எழுப்புவது ஆபத்து. கிளறி, சலித்து, பிளாஸ்டிக்கைத் தனியே பிரிக்கும் பயோமைனிங்குக்கு யார் பொறுப்பு, எத்தனை மாதத்தில்? சுற்றுவட்டாரக் கிணற்று நீரை யார் சோதிப்பார்கள்? இவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.