மூளையில் நீர்க்கட்டி இருந்தால் மண்டையைத் திறந்தே ஆக வேண்டுமா?

"மூளையில் நீர்க்கட்டி உள்ளவருக்கு அடிபட்டு ரத்தம் கசிந்தால், மண்டையைத் திறந்து கட்டியையும் எடுத்தால்தான் பிழைப்பார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும் இத்தகைய கட்டிகளில் பல அரக்னாய்டு நீர்க்கட்டிகள். கட்டி என்றதும் புற்றுநோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும், தெளிந்த நீர் நிறைந்த பை அது. அதை ஒட்டி ரத்தம் கசியக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆபரேஷனை முடிவு செய்வது முக்கியமாக ரத்தக்கட்டும் நோயாளியின் நிலையும்தான். மூளையின் வெளியுறைக்கு அடியில் புதிதாக உறைந்த ரத்தம் 10 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, மூளையின் நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தாலோ அகற்ற வேண்டும் என்கிறது தலைக்காய சிகிச்சைக்கு வழிகாட்டும் அமெரிக்க அமைப்பான பிரெயின் ட்ராமா ஃபவுண்டேஷனின் 2006 வழிகாட்டுதல். இணையத்தில் தேடிப் படிக்கலாம். அளவு குறைவாக இருந்தும் நினைவு மங்கிக்கொண்டே போனால், அப்போதும் ஆபரேஷன் தேவைப்படலாம்.

சில வாரங்கள் கடந்து நீர்த்துப்போன ரத்தமா? சின்னத் துளை போட்டு வடித்தாலே பலருக்குப் போதும். நீர்க்கட்டியைத் தொடாமலே விட்டுவிடுவதும் உண்டு.

பயந்துபோய் சிகிச்சைக்கே மறுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள். அடிபட்டவருக்குத் தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பினாலும் தூக்கம் கலையாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.