கொலம்பஸுக்கு வக்காலத்து வாங்கும் நம்மவர்களுக்கு

எங்கள் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் நடந்த கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இங்கே அமெரிக்காவில், எங்கள் பள்ளி நாட்காட்டியில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமைக்கு ‘கொலம்பஸ் நாள்’ என்ற பெயர் போய் ‘பூர்வகுடிகள் நாள்’ என்று வந்துவிட்டது. அதற்கு நம்மவர்களுக்கு வந்த ரோஷம் இருக்கிறதே! கொலம்பஸ் பிறந்த இத்தாலிய ஊரான ஜெனோவாவில் பங்காளிகள் இருப்பவர்களைப் போல ஒரே கொந்தளிப்பு.

“அந்தக் காலத்து மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?” என்று கேட்டார் ஓர் அண்ணன். வரிசையாகக் கைதட்டல்கள்.

அண்ணா, இன்றைய அளவுகோலே வேண்டாம். அவர் காலத்து அளவுகோலை எடுங்கள். 1500-இல், கொலம்பஸ் ஆளுநராக இருந்த கரீபியன் தீவான ஹிஸ்பானியோலாவுக்கு விசாரணைக்கு வந்த பொபதில்யா அவரைக் கைது செய்து, விலங்கு பூட்டி ஸ்பெயினுக்கு அனுப்பினார். பொபதில்யா நேற்று முளைத்த போராளியா? ஸ்பெயின் அரசு அனுப்பிய அதிகாரி! அரசரும் அரசியும் கொலம்பஸை விடுவித்தார்கள். ஆளுநர் பதவியை மட்டும் திருப்பித் தரவில்லை. அந்தத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களில் 14 வயதைத் தாண்டியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு சலங்கை மணி நிறையப் பொன்துகள் கொண்டுவர வேண்டும் என்று விதித்தவர் அவர். 1495-இல் ஏறத்தாழ 500 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றினார். 200 பேர் வழியிலேயே இறந்தார்கள். இதையெல்லாம் எழுதிவைத்த லாஸ் காசாஸ், அதே தீவில் வாழ்ந்த ஸ்பானியர். மறுபடியும் சொல்கிறேன்: கொலம்பஸ் தன் காலத்திலேயே தேறவில்லை.

“அஸ்டெக்குகள் நரபலி கொடுக்கவில்லையா?” என்றார் இன்னொருவர். அவர்கள் மெக்சிகோ. கொலம்பஸ் கண்ணில்கூடப் படாதவர்கள். அடுத்து?

“வரலாற்றை அழிக்கிறார்கள்!” எந்தப் பக்கத்தைக் கிழித்தார்கள்? கூட்டாட்சிச் சட்டத்தில் விடுமுறை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒஹையோ தலைநகரின் பெயரும் அவர் பெயரேதான்.

என் பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டிக்கு இந்த மாற்றத்தில் மனவருத்தம். அது எனக்குப் புரிகிறது. 1891-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் 11 இத்தாலியர்களைக் கொன்றது. மறு ஆண்டுதான் அமெரிக்க அதிபர் ஹாரிசன் கொலம்பஸ் வந்த 400-ஆம் ஆண்டைக் கொண்டாட அறிவித்தார். அவமானப்பட்டு நின்ற சமூகம் பற்றிக்கொண்ட பெயர் அது. பாட்டியிடம் நான் வாதம் செய்வதில்லை. இட்லி கொடுக்கிறேன், பிஸ்கெட் தருகிறார். ஆனால் நம் அண்ணனுக்கு என்ன காயம்? கொலம்பஸ் தேடிப் புறப்பட்டதே நம் பக்கத்துக் கரைகளைத்தான். காற்று வேறு பக்கம் அடித்திருந்தால் அந்த மணியில் பொன் நிரப்பியிருப்பது யாருடைய பாட்டனாம்?

இதைக் கேட்டதற்குத்தான் அந்தப் பதில் வந்தது: “பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு இந்த வம்பு?” வரி கட்டும்போது இது நம் ஊர், வாய் திறந்தால் மட்டும் வந்த இடமா? பொங்கல் விழாவுக்கு நாற்காலி தூக்க நான் வேண்டும். கருத்துச் சொல்ல மட்டும் வேண்டாம். கொலம்பஸும் வந்தவர்தானே! அவரிடம் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்.

தீபாவளி விழாவுக்குப் புளியோதரை செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். செய்வேன். அண்ணனுக்கும் ஒரு தட்டு உண்டு. பொபதில்யா ஏன் விலங்கு பூட்டினார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும்.