வீட்டில் இருப்பவளின் நேரம் யாருடையது?

"வீட்டிலதானே இருக்கிறாய்" என்று சொல்லி ஒரு வேலையை என் தலையில் கட்டுவதற்கு இந்த ஊரில் எவருக்கும் கூச்சமே இல்லை. மாமிக்கு மருந்து எடுக்க வேண்டுமா, நான். மச்சாளின் பிள்ளையை டியூஷனில் விட வேண்டுமா, நான். செத்தவீட்டில் அடுப்படியில் நிற்க ஆள் தேவையா, அதற்கும் நான். வேலைக்குப் போகிறவர்களைக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு நேரமில்லையாம். எனக்கு மட்டும் அது எங்கே கொட்டிக் கிடக்கிறது?

மூத்தவனை மட்டக்களப்புக் கல்லடிப் பாலம் தாண்டி டவுன் பள்ளிக்கூடத்தில் 7.30க்கு முன்னால் விட வேண்டும். திரும்பி ஓடிவந்து சின்னவளை 8 மணிக்குப் பாலர் பாடசாலையில் விட வேண்டும். அவளுக்கு 11.30க்கு விடும், அவனுக்கு 1.30க்கு. இடையில்தான் மீன் வெட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, உடுப்புத் தோய்த்து, சோறு வடிப்பது. கறி கொதிக்கிற நேரம் பார்த்து அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தால், சித்திரை வெயில் பாலத்தில் முகத்தைப் பொசுக்கும். சப்பாத்து நிறைய மணலோடு வருகிறாள் ஒருத்தி. காலையில் அவித்த புட்டைப் பாதியோடு திருப்பிக் கொண்டு வருகிறான் மற்றவன். தடுப்பூசிக் கிளினிக்கும் வேலை நாள் காலையில்தான். இந்த நேரசூசியெல்லாம் யாரை நம்பிப் போட்டது? வீட்டில் சம்பளமில்லாமல் ஒருத்தி இருப்பாள் என்ற தைரியத்தில் போட்டது.

அப்புறம் அந்தப் பாலர் பாடசாலை வாட்ஸ்அப் குரூப். போன கிழமை இரவு, பிள்ளைகள் உறங்கி, நான் கடைசிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு மெசேஜ்: நாளைக்குப் பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் வர வேண்டும், காகிதப் பூ 5 செய்து கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பழைய கலண்டர் தாளைக் கிழித்து, கையில் பசை காயக் காய நள்ளிரவு வரை உட்கார்ந்து ஒட்டினேன். இவர் பக்கத்து அறையில் நல்ல நித்திரை. பிழை சொல்லவில்லை, காலையில் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் எனக்கும் காலை 4.30க்கு எழும்ப வேண்டுமே!

யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கணக்கெடுக்கிற இலங்கை அரசாங்கத்தின் தொழிற்படை அளவீட்டிலும் இதே கதைதான். வீட்டு வேலையில் நாள் முழுக்க நிற்கிற என்னைப் போன்றவர்கள் அதில் பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர். 2017இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றும் செய்தார்கள், யார் எத்தனை மணித்தியாலம் எதில் செலவழிக்கிறார் என்று. எண்ணத் தெரியாமல் இல்லை, எண்ணியதும் ஒன்றும் மாறவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

மட்டக்களப்பில் வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டு உறுதியும் என் பேரில்தான். அதைச் சொல்லிச் சொல்லியே, "உன்ர வீடுதானே, நீதான் பார்க்க வேணும்" என்று வாயை அடைக்கிறார்கள். வீடு என் பேரில் இருக்கட்டும், பிள்ளைகள் எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம் இல்லையா?

பாலர் பாடசாலைக்காரரிடம் ஒன்று கேட்கிறேன். எதுவானாலும் 2 நாள் முன்னால் சொல்லுங்கள். அந்தக் குரூப்பில் இருப்பது முழுக்க அம்மாமார். அப்பாமாரின் நம்பரையும் போடுங்கள், பூ ஒட்ட அவர்களுக்கும் கை இருக்கிறது.