லெனாகாபாவிர் ஊசி எச்ஐவியை குணப்படுத்துமா?

"வருஷத்துக்கு 2 ஊசி போட்டா எச்ஐவி குணமாயிடும், டெஸ்ட் கூட வேணாம்"னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்பு, அதுவும் ஆபத்தான தப்பு.

லெனாகாபாவிர்ங்கிற இந்த மருந்துக்கு, எச்ஐவி தொற்று இல்லாதவங்களுக்கு அது வராம தடுக்க, 2025 ஜூன்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவுல நடந்த ஆய்வுல இதை போட்டுக்கிட்ட 2,134 பெண்கள்ல ஒருத்தருக்கும் எச்ஐவி வரல, நிஜமாவே பெரிய விஷயம்தான். ஆனா இது தடுப்பூசியும் இல்ல, குணப்படுத்துற மருந்தும் இல்ல. ஏற்கனவே தொற்று இருக்கிறவங்களுக்கு சில சமயம் குடுப்பாங்க, அதுவும் வேற மருந்துகளோட சேர்த்துத்தான்.

டெஸ்ட் ஏன் முக்கியம்னா, தொற்று இருக்குறது தெரியாம இதை மட்டும் போட்டா வைரஸ் மருந்துக்கு மசியாம மாறிடலாம், அப்புறம் சிகிச்சையே சிக்கலாகும். அதனால ஒவ்வொரு ஊசிக்கு முன்னாடியும் டெஸ்ட் கட்டாயம். ஊசி ஆரம்பிக்கிற முதல் ரெண்டு நாள் இதே மருந்தோட மாத்திரையும் முழுங்கணும், அதை விட்டுடாதீங்க.

ஊசியை வயித்துலயோ தொடையிலயோ தோலுக்கு அடியில நர்ஸோ டாக்டரோதான் போடணும், தோலுக்குள்ளயே மேலாப்புல இறங்கிட்டா புண்ணாகிடும். போட்ட இடத்துல சின்ன கட்டி மாதிரி இருக்கலாம், அது மருந்து மெதுவா கரையுற இடம், தேய்க்காதீங்க. டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுறவங்க முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அது இந்த மருந்தோட அளவை ரத்தத்துல குறைச்சிடும்.