படகில் ஏறும் கருவி யாரிடம் பேசுகிறது?

ஐ.நா. பொதுச்சபை 2025 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் போட்டது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொல்ல 40 பேர் கொண்ட அறிவியல் குழு, நாடுகள் உட்கார்ந்து பேச ஒரு மேடை. அதற்கு முன்பே, இதே விஷயத்தைப் பேச 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் ஆரம்பித்த மாநாடு சியோல், பாரிஸ் என்று சுற்றி, 2026 பிப்ரவரியில் டெல்லிக்கும் வந்து போனது. பாரிஸில் அமெரிக்காவும் பிரிட்டனும் கூட்டறிக்கையில் கையெழுத்தே போடவில்லை.

இந்தச் செய்தியை நான் பகிர்ந்தபோது பாம்பன் தம்பி ஒருவர், "இதுக்கும் நமக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி மாட்டிக் கொடுப்பது என் தொழில். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டிகளில் பாதிப் பேர் எனக்குப் பழக்கம், மீதிப் பேர் எனக்குப் பாக்கி. அதனால் உலக அரசியல் எனக்கு டிவி வழியாக வருவதைவிட வயர் வழியாகத்தான் அதிகம் வருகிறது.

1974 ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறேன். பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே எல்லை என்று அதில் இருப்பது ஆறு புள்ளிகள், அவற்றைச் சேர்க்கும் கோடுகள், அவ்வளவுதான். அந்தப் புள்ளிகள் கடலில் உண்மையில் எங்கே விழுகின்றன என்பதை இரண்டு அரசுகளின் அளவையாளர்களும் ஒத்துக்கொள்ளும் முறையில் தீர்மானிக்கலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அளவையாளருக்கே தனியாக ஒரு முறை தேவைப்பட்ட கோடு, காற்றையும் நட்சத்திரத்தையும் தண்ணீர் நிறத்தையும் பார்த்து வலை விட்டவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கோடு காகிதத்தில் இருந்தது, கடலில் கிடையாது.

அது கடலுக்கு இறங்கியது ஜிபிஎஸ் வழியாக. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்த மாதம் கிளிண்டன் அரசு அதை நிறுத்தியது. பிறகு செட் விலையும் இறங்கி, நம் படகின் கேபினுக்குள் எல்லை வந்து உட்கார்ந்தது. கவனித்துப் பாருங்கள், இதற்காக டெல்லியும் கொழும்பும் எந்தப் பேச்சுவார்த்தையும் நடத்தவில்லை. வேறு ஒரு நாட்டு ராணுவத்தின் செயற்கைக்கோள், அந்த நாட்டு அதிபரின் ஒரு முடிவு. உலக ஆளுகை என்று மாநாடுகளில் பெரிதாகப் பேசுவது பல சமயம் இப்படித்தான் நடக்கிறது, ஓட்டெடுப்பு இல்லாமல். ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டதும் இதனால்தான். நமக்கு நாவிக் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதற்காக ஏவிய என்விஎஸ்-02 சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பெருமை மட்டும் பேசினால் ஆகாது.

இப்போது அந்த செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். கடைக்குப் பழைய ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவருகிற டிரைவர் முதலில் கேட்பது புது செட்டின் விலையை இல்லை. "அண்ணே, பாயிண்ட் எல்லாம் அப்படியே ஏறிடுமா?" பாயிண்ட் என்றால் அவர் வருடக்கணக்காகக் கடலில் குறித்து வைத்த இடங்கள். எங்கே பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கிறது, எங்கே மடி (இழுவை வலை) கிழியும், எந்த மாதம் எங்கே கணவாய் மீன் நிற்கும் என்பதெல்லாம். சிலதை அப்பா குறித்திருப்பார், மகன் அதன்மேல் சேர்த்திருப்பார். சொந்த மச்சானுக்குக்கூடக் காட்ட மாட்டார்கள். நான் ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் பிரதி எடுத்து யாருக்காவது விற்றுவிடுவேனோ என்று. கடலில் தாக்கிக் கொள்ளையடிக்கிற கும்பல் மீன், வலை, இன்ஜினோடு ஜிபிஎஸ்ஸையும் தூக்கிக்கொண்டு போனதாகப் பேப்பரில் செய்தி வரும்போது, வெளியூர்க்காரருக்கு அது சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். இங்கே அது ஒரு குடும்பத்தின் சொத்து.

அடுத்து வந்தது டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோ உருவாக்கியது, மத்திய அரசுத் திட்டத்தில் கடலோர மாநிலங்கள் எல்லாம் சேர்த்து 1 லட்சம் படகுகளுக்கு என்று 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கி வைத்தார். செல்போன் டவர் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், வரும். ஆபத்தென்றால் ஒரு பட்டன். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கை. நல்ல கருவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் தங்கலுக்கு (பல நாள் தங்கி மீன் பிடிக்க) போயிருந்த கன்னியாகுமரிப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை. அன்றைக்கு இந்தக் கருவி இருந்திருந்தால் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைக்காத கடற்கரை ஊர் இல்லை.

ஆனால் ஜிபிஎஸ் செட் படகுக்காரரிடம் மட்டும் பேசியது. டிரான்ஸ்பாண்டர் அரசாங்கத்திடமும் பேசுகிறது. படகு எங்கே போனது, எவ்வளவு நேரம் நின்றது, எப்போது திரும்பியது எல்லாம் கரையில் ஏதோ ஒரு கணினியில் ஏறுகிறது. "நாளைக்கு இதை வச்சு கடலுக்குப் போற டோக்கனை நிறுத்துவாங்களா, மானிய டீசலை வெட்டுவாங்களா?" என்று சம்மாட்டிகள் கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தடம் எத்தனை நாள் வைக்கப்படும், யார் யார் பார்க்கலாம், பக்கத்து நாட்டுக்குக் கொடுப்பார்களா என்று படகுக்காரர் கையில் தமிழில் ஒரு தாள் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். புதிய கருவிகள் நாடுகளைச் சேர்த்து வைத்த இடங்கள் உண்டு, அவை பெரும்பாலும் உயிர் காக்கும் இடங்கள். அதே கருவி வேவு பார்க்கவும் வழக்குப் போடவும் திரும்பும்போது ஒத்துழைப்பு காணாமல் போகிறது. நம் படகில் ஏறுவது இதில் எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்க வேண்டியது நம் வேலை. டெல்லி மாநாடோ ஜெனிவா மாநாடோ நமக்காக அதைச் செய்யாது.

சேர்த்து வைத்ததற்கு உதாரணம் தருகிறேன். கடலில் ஆபத்து சிக்னல் கொடுத்தால் செயற்கைக்கோள் பிடித்து மீட்புப் படைக்குச் சொல்கிற கோஸ்பாஸ்-சார்சாட் என்ற ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து உருவாக்கியது. 1982-லேயே முதல் மீட்பு நடந்துவிட்டது, முறையான ஒப்பந்தம் 1988-இல் பாரிஸில். பனிப்போர் காலத்தில் ஒருவர்மேல் ஒருவர் ஏவுகணையைக் குறி வைத்துக்கொண்டே இதைச் செய்தார்கள்! எப்படி முடிந்தது? அந்த சிக்னல் "நீ ஏன் அங்கே போனாய்" என்று கேட்பதில்லை. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்கிறது. இன்னொன்று, 2004 சுனாமிக்குப் பிறகு வந்த எச்சரிக்கை அமைப்பு. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் மையம் 2007-இலிருந்து இயங்குகிறது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்புகின்றன, இலங்கை உட்பட. சுமத்ராவில் நிலம் ஆடினால் யாழ்ப்பாணத்துக்கும் தொண்டிக்கும் ஒரே நேரத்தில் சேதி போகும். இதற்கு எந்த எல்லைக்கோடும் குறுக்கே நிற்கவில்லை.

மறுபக்கத்துக்கு வருவோம். 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017 முதல் 2021 வரையிலான செயற்கைக்கோள் ராடார் படங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, கடலில் நிற்கும் கப்பல்களை எண்ணினார்கள். உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் சுமார் 75 சதவீதம் பொதுக் கண்காணிப்பில் தெரியாதவை என்று வந்தது. பெரிய கம்பெனிக் கப்பல்களின் திருட்டைப் பிடிக்க இது நல்ல ஆயுதம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். தான் இருக்கும் இடத்தை எல்லோருக்கும் அறிவிக்கும் கருவியை வேண்டுமென்றே அணைத்து வைத்த கப்பலும், அந்தக் கருவியே என்றும் வாங்காத நம் படகும் ராடார் படத்தில் ஒரே மாதிரிப் புள்ளிதான். புள்ளிக்கு அடியில் இருக்கும் ஆள் யார், இன்ஜின் நின்று நீரோட்டத்தில் போனாரா, மீனைத் துரத்திப் போனாரா என்பதைப் படம் சொல்லாது. மனிதர் யாராவது கேட்டால்தான் தெரியும். இப்போது பால்டிக் கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் சிக்னலைக் குழப்பி, கப்பலை அது இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டுகிற வேலையும் நடக்கிறது. ஒரே ஒரு கருவியின் எண்ணை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்று தொழில்காரனாகச் சொல்கிறேன்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் போனில் இலங்கை நெட்வொர்க் வந்து விழும், சுற்றுலா வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். (ரோமிங் ஆனில் இருந்தால் பிறகு சிரிப்பு வராது.) சிக்னலுக்கு எல்லை தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். 2025 ஜூலையில் இலங்கையில் ஸ்டார்லிங்க் தொடங்கிவிட்டது. இங்கே அதற்கு முந்தைய மாதம்தான் லைசென்ஸ் கிடைத்தது. அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். 2024 நவம்பரில் அந்தமான் பக்கம் பிடிபட்ட போதைப்பொருள் படகில் ஸ்டார்லிங்க் கருவி இருந்தது. ஆக, அரசு பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தின் விலையை, நடுக்கடலில் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாத ஆள்தான் கொடுக்கிறார்.

ஆழ்கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரி 17-இல் அமலுக்கு வந்ததைப் பலர் கொண்டாடினார்கள். நல்லதுதான். ஆனால் அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடலுக்கு. பாக் நீரிணையில் பொதுக்கடல் என்று ஓர் அடிகூடக் கிடையாது, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இங்கே உலகம் வந்து தீர்த்து வைக்காது.

சரி, நம் பக்கத் தவறையும் பேசிவிடுவோம். பேசாமல் விட்டால் பதிவு பொய். இழுவைமடி இந்தக் கடலுக்குப் பிறந்ததில்லை. 1952-இல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் போட்ட ஒப்பந்தத்தில் கேரளக் கரையில் தொடங்கிய திட்டம் இயந்திரப் படகையும் இறால் ஏற்றுமதியையும் கொண்டுவந்தது. பிற்பாடு மண்டபம் வரை வந்தது. அன்றைக்கு அதுதான் புதிய தொழில்நுட்பம், அதுதான் சர்வதேச ஒத்துழைப்பு. இரண்டும் நல்ல எண்ணத்தோடுதான் வந்தன. விளைவு, கடலடியைச் சுரண்டுகிற மடியில் இறாலோடு குஞ்சும் முட்டையும் சங்காயமாக (கழிவு மீனாக) ஏறி, கோழித் தீவனத்துக்குப் போகிறது. நம் பக்கம் பாடு (மீன் வரத்து) குறையக் குறைய படகு கிழக்கே போனது. அங்கே 2009 வரை போர் காரணமாகக் கடலுக்கு இறங்க முடியாமல் கிடந்து, கடன் வாங்கி வலை போட்ட தமிழரின் வலையை நம் மடி அறுத்தது. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் கடை வாடிக்கையாளர்களில் சிலர் இதைப் படித்துவிட்டு வேறு கடைக்குப் போகலாம், போகட்டும்.

"கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை. நம் ஆட்கள் பிடிபடுவதாக வரும் செய்திகளில் நெடுந்தீவுப் பக்கம் என்று எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கச்சத்தீவையும் தாண்டிய இடம் அது. ஆறு புள்ளிகளில் ஒன்றிரண்டைத் தள்ளி வைத்தால் மீன் திரும்பி வராது.

எனக்கு வேண்டியது சின்ன விஷயம். டிரான்ஸ்பாண்டரில் பதிவாகும் தடத்தின் ஒரு பிரதி, கேட்டவுடன் படகுக்காரருக்குக் கிடைக்க வேண்டும். இன்ஜின் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்ட படகின் தடம் வேறு மாதிரி இருக்கும், மடி இழுக்கிற படகின் தடம் வேறு மாதிரி இருக்கும், பார்த்தவுடன் நானே சொல்லிவிடுவேன். இலங்கையில் ஊர்காவற்றுறையிலோ மன்னாரிலோ நீதிமன்றத்தில் நிற்கும் நம் ஆளின் கையில் அந்தத் தடம் இருந்து, இரண்டு நாடும் அதைச் சாட்சியமாக ஒத்துக்கொண்டால் பாதி வழக்கு அங்கேயே முடியும். எல்லை தாண்டி வலையை அறுத்தவரையும் அதே தடம் காட்டிக் கொடுக்கும், அதற்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். அப்புறம், ஆபத்து பட்டனை அழுத்தினால் அந்தச் சேதி சென்னைக் கடலோரக் காவல் படைக்குப் போகும் அதே நொடியில் கொழும்பு மீட்பு மையத்துக்கும் போக வேண்டும், அந்தச் சேதியை வைத்து யார்மேலும் வழக்கு இல்லை என்ற உறுதியோடு. 1988-இல் அமெரிக்காவும் சோவியத்தும் செய்துகொண்டதை, இரு கரையிலும் ஒரே மொழி பேசுகிற இடத்தில் செய்ய முடியாதா?

இரு நாட்டு மீன்வளக் கூட்டுப் பணிக்குழு என்று ஒன்று 2016-லிருந்து இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இந்த இரண்டு கோரிக்கையையும் மனுவாகக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறேன். முதல் வரைவு என்னிடம் இருக்கிறது. சட்டம் படித்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நல்லது. மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் சங்கம் இதில் எதை ஒத்துக்கொள்ளும், எதை ஒத்துக்கொள்ளாது என்று நேராகவே எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.